பழைய கலர் பாம் (Palm) ஆர்கனைசர் ஒன்றை வாங்கி, தினசரி வேலைக்குப் பழக்குவது எப்படி?

கோயம்புத்தூரில் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்கிறேன். தனி ஆள், ஒரு ஸ்கூட்டர், ஒரு பை, ஏறத்தாழ 340 வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் செடிமென்ட் ஃபில்டர் மாற்றிய தேதி வேறு, கார்பன் மாற்றிய தேதி வேறு, மெம்பரேன் வேறு, ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிகிற தேதி வேறு. நோட்டில் எழுதினேன், நனைந்தது. போனில் எழுதினேன், எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாடிக்கையாளர் கூப்பிடுவார், பேசி முடித்துத் திரும்பினால் எந்த வீட்டின் கணக்கை எழுதினேன் என்பதே மறந்திருக்கும். அதனால்தான் டைரி வேலை மட்டும் செய்கிற தனிக் கருவி வேண்டும் என்று தேடி, இருபது வருடம் பழைய கலர் பாம் ஆர்கனைசர் ஒன்றை, அதாவது குச்சியால் திரையில் தட்டியும் எழுதியும் பயன்படுத்துகிற கையடக்கக் கருவியை, வாங்கினேன். இப்போது அது இல்லாமல் நான் வேலைக்குக் கிளம்புவதில்லை.

ஆனால் சரியாக அமைய நான்கு மாதமும் இரண்டு கருவிகளும் ஆயின. முதலில் வாங்கியது பழைய வகை நினைவகம் கொண்டது. ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து டிராயரைத் திறந்தால், பேட்டரி முழுக்க இறங்கி, மூன்று மாதம் உட்கார்ந்து ஏற்றிய அத்தனையும் அழிந்திருந்தது. வேறு பிரதியும் என்னிடம் இல்லை. வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு "உங்க வீட்ல கடைசியா எப்ப வந்தேன்?" என்று கேட்ட அந்த வாரத்தை நான் மறக்க மாட்டேன். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள், குறிப்பாக ஆறாவது படிக்கு முன்னால் ஏழாவதுக்குப் போகாதீர்கள்.

1. காசு கொடுக்கும் முன் இலவசமாகப் பழகிப் பாருங்கள்

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் 2022 முதல் நூற்றுக்கணக்கான பாம் ஆப்கள் பிரவுசரிலேயே ஓடுகின்றன. ஒன்றைத் திறந்து, மவுஸையே ஸ்டைலஸ் குச்சியாக நினைத்து ஒரு மாலைப் பொழுது தட்டிப் பாருங்கள். திரை எவ்வளவு சின்னது, மெனு எங்கே இருக்கிறது, எழுத்துப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்று பிடிபட்டுவிடும். அரை மணி நேரத்தில் எரிச்சல் வந்தால் வாங்காதீர்கள். இணையம், வாட்ஸ்அப், மேப், யூபிஐ எதுவும் இதில் கிடையாது. அதற்கெல்லாம் போன் பையில் இருந்துதான் ஆக வேண்டும்.

2. மாடலை முடிவு செய்யுங்கள்

கலர் திரை கொண்ட முதல் பாம் 2000-ல் வந்த த்ரீ-சி. அதற்கு அடுத்தடுத்து எம்505, எம்515, ஜயர், டங்ஸ்டன் என்று நிறைய வந்தன. விற்பவர்கள் எல்லாவற்றையும் "பாம் பைலட்" என்றே போடுவார்கள், அதனால் பின்பக்கத்து மாடல் பெயரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தினசரி வேலைக்கு என்றால் நான் இரண்டைத்தான் சொல்வேன், இரண்டுமே 2005-ல் வந்தவை. டங்ஸ்டன் ஈ2: 320க்கு 320 புள்ளித் திரை, 32 எம்பி நினைவகம், புளூடூத், எஸ்டி கார்டு. டிஎக்ஸ்: 320க்கு 480 புள்ளி நீளத் திரை, 128 எம்பி, புளூடூத்தோடு வைஃபையும் உண்டு. வைஃபைக்காக டிஎக்ஸ் வாங்காதீர்கள், அதன் பிரவுசரில் இன்றைய பாதுகாப்பான தளங்கள் திறப்பதில்லை. நீளத் திரைக்காக வாங்கலாம், ஒரு நாளின் வேலைகள் முழுக்க ஒரே பார்வையில் தெரியும். என்னிடம் இருப்பது ஈ2.

இந்த இரண்டையும் சொல்வதற்கு முக்கியமான காரணம் நினைவகம். இவற்றில் பேட்டரி முழுக்கச் செத்தாலும் பதிந்தவை அழியாது. எம்505, எம்515, பெயரில் ஓர் எண் மட்டுமே குறைந்த 2003-ன் டங்ஸ்டன் ஈ எல்லாம் அப்படியல்ல, அவற்றின் நினைவகம் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. ஈ, ஈ2 இரண்டும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், விலையும் அருகருகே இருக்கும், அந்த ஒரு "2"-ஐ உறுதி செய்யாமல் பணம் அனுப்பாதீர்கள்.

3. விற்பவரிடம் கேட்க வேண்டியவை, ஆகும் செலவு

பழைய பொருள் என்பதால் "வொர்க்கிங் கண்டிஷன்" என்ற வார்த்தைக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம். நடுவில் எனக்குக் கருவி விற்ற ஒருவர் திரை எரிகிறது என்று படம் அனுப்பினார், எரிந்தது உண்மைதான், ஆனால் திரையின் கீழ்ப்பகுதி தொடுதலையே ஏற்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. அதனால் படம் போதாது, வீடியோ கேளுங்கள். அந்த வீடியோவில் இவை இருக்க வேண்டும்:

நோட் பேட் ஆப்பைத் திறந்து, நான்கு மூலையிலிருந்தும் கோடு இழுத்துக் காட்ட வேண்டும். கோடு நடுவில் உடைந்தாலோ தள்ளி விழுந்தாலோ தொடுதிரை தேய்ந்துவிட்டது. அப்புறம் எழுத்து எழுதும் பகுதியிலும் அதேபோல. பவர் பொத்தானை அழுத்தி அணைத்து எழுப்ப வேண்டும். எஸ்டி கார்டைச் செருகினால் கார்டின் பெயர் திரையில் வர வேண்டும். கடைசியாக சார்ஜர் செருகும் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள், பச்சையாகப் பாசி பிடித்தாற்போல இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேபிள் தனிக் கதை. ஈ2, டிஎக்ஸ் இரண்டுக்கும் அகலமான ஒரே வகை கனெக்டர், வேறு எந்தப் போன் கேபிளும் பொருந்தாது. கணினியோடு இணைக்க மட்டும் ஆகிற கேபிளும் உண்டு, சார்ஜும் ஏற்றுகிற கேபிளும் உண்டு. "இரண்டும் செய்யுமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கருவி இருந்து கேபிள் இல்லையென்றால் அது வெறும் பேப்பர் வெயிட்தான்.

எனக்கு ஆன கணக்கு: கருவி 4,200 ரூபாய், கேபிள் 650, புதுப் பேட்டரியும் அதை மாற்றிய கூலியும் 1,100, எஸ்டி கார்டு இரண்டு 800, கார்டு ரீடர் 150. மொத்தம் 6,900. இவ்வளவு பழைய கருவியில் பேட்டரி நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அதன் காசையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கி வையுங்கள். பேட்டரி உள்ளே மூடியிருக்கும், நாமே கழற்றிப் போடுகிற வகை அல்ல, பற்றவைக்கவும் நேரலாம். போன் ரிப்பேர் கடையில் செய்துவிடுவார்கள், ஆனால் பழைய பேட்டரியின் அளவையும் வயர்களின் வரிசையையும் படமெடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். பில், விற்பவர் அனுப்பிய வீடியோ, கேபிள் பற்றிய அந்த ஒரு வரி மெசேஜ் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். நான் திருப்பிக் கொடுத்தபோது எனக்குக் கை கொடுத்தது அந்த மெசேஜ்கள்தான்.

எஸ்டி கார்டு சாதாரண எஸ்டியாக, 2 ஜிபி அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். இப்போது கடையில் கிடைக்கிற 32 ஜிபி கார்டுகள் வேறு ரகம், அப்படியே போட்டால் கருவிக்குத் தெரியாது. பழைய கேமராவிலிருந்து கழற்றிய 1 ஜிபி கார்டுதான் நான் தேடி வாங்கியது.

4. கையில் வந்த முதல் நாள்

முதலில் மூன்று நான்கு மணி நேரம் சார்ஜில் போடுங்கள். அதுவரை எதுவும் செய்யாதீர்கள்.

அடுத்து ஹார்டு ரீசெட். முந்தைய உரிமையாளரின் பெயர்கள், எண்கள், சில சமயம் பாஸ்வேர்டுகள்கூட உள்ளே இருக்கும், அவருடைய தனிப்பட்ட விஷயம் நமக்கு வேண்டாம். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, பின்பக்கத்தில் உள்ள சின்னத் துளையில் ஸ்டைலஸ் முனையால் அழுத்தி விடுங்கள், லோகோ வரும்வரை பவரை விடாதீர்கள். எல்லாம் அழியும் என்று எச்சரிக்கை வரும், மேல்நோக்கிய பொத்தானை அழுத்தினால் துடைத்துவிடும். துளையை மட்டும் அழுத்தினால் அது சாஃப்ட் ரீசெட், தகவல் போகாது. கருவி உறைந்து நின்றால் எப்போதும் சாஃப்ட் ரீசெட் மட்டுமே செய்யுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

பிறகு திரையைச் சரிபார்க்கும் குறிகள் வரும். அந்தக் கூட்டல் குறியின் நடுவில் நிதானமாகத் தொடுங்கள், மேஜை மேல் வைத்துச் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து ஓரத்து எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுந்தால், பிரெஃப்ஸ் என்ற அமைப்புப் பகுதிக்குள் போய் இதையே மறுபடி செய்தால் சரியாகிவிடும், ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம்.

5. கணினியோடு பேச வைப்பது

எனக்கு அதிகம் நேரம் விழுங்கியது இதுதான், ஒரு சனி ஞாயிறு முழுக்க. காரணம், 64 பிட் விண்டோஸுக்குப் பாமின் சொந்த யூஎஸ்பி டிரைவர் வரவே இல்லை. கேபிளைச் செருகுவீர்கள், ஏதோ புதுச் சாதனம் என்று சத்தம் வரும், அதோடு நின்றுவிடும். மூன்று வழிகள் இருக்கின்றன.

வீட்டில் மூலையில் கிடக்கிற பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி இருந்தால் அதுதான் மிக எளிது. பாமின் சொந்தக் கணினி மென்பொருளான பாம் டெஸ்க்டாப் 4.1.4 போட்டால் அப்படியே வேலை செய்யும். அந்தக் கணினியை இணையத்தோடு மட்டும் இணைக்காதீர்கள்.

இரண்டாவது, லினக்ஸ். ஜே-பைலட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். செட்டிங்கில் போர்ட் என்ற இடத்தில் யூஎஸ்பி என்று எழுதி ஒரு முக்காற்புள்ளி வையுங்கள், அந்தப் புள்ளி இல்லாமல் ஒரு மணி நேரம் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஈ2, டிஎக்ஸ் போன்ற பிந்தைய கருவிகளுக்கு அட்ரஸ், டேட்புக் என்பதற்குப் பதிலாகக் கான்டாக்ட்ஸ், காலண்டர் என்ற புது வகைகளைத் தேர்வு செய்ய வேண்டும். இல்லையென்றால் சிங்க் (கருவியும் கணினியும் தகவலைப் பரிமாறி ஒன்றாக்கிக்கொள்வது) முடிந்தது என்று சொல்லும், உள்ளே ஒன்றும் இருக்காது. எப்போதும் கருவியில் ஹாட்சிங்க் பொத்தானை முதலில் தட்டி, பிறகு கணினியில் தொடங்குங்கள்.

மூன்றாவது, 64 பிட் விண்டோஸிலேயே புளூடூத் வழியாக, அல்லது அசீக்கா என்ற நிறுவனம் வெளியிட்ட டிரைவரைப் போட்டு. முடியும், ஆனால் புதிதாக வருகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

முதல் சிங்கில் ஒரு யூசர் பெயர் கேட்கும். யோசித்து வையுங்கள், ஓர் இடத்தில் குறித்தும் வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய பல பழைய ஆப்களின் பதிவு எண் இந்தப் பெயரோடு கட்டப்பட்டது, பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் எண் செல்லாது. பின்னாளில் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி சிங்க் செய்யும்போது, பட்டியலில் இருக்கிற அதே பெயரைத் தேர்வு செய்யுங்கள். புதுப் பெயர் கொடுத்தால் பழைய தகவல் வராது, "எல்லாம் போச்சே" என்று நினைப்பீர்கள். போகவில்லை, வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

6. பேக்கப்: ஒரு தகவலைக்கூட ஏற்றும் முன்

அழியாத நினைவகம் என்று சொன்னேன். அதை நம்பி விடாதீர்கள். கருவி கீழே விழும், தண்ணீரில் போகும், என் வேலையில் அதற்கு வாய்ப்பு அதிகம்.

எஸ்டி கார்டைக் கருவிக்குள்ளேயே ஃபார்மேட் செய்யுங்கள். என்விபேக்கப் என்ற இலவச ஆப்பை ஏற்றுங்கள், கருவியில் உள்ள அத்தனையையும் அது கார்டுக்குப் பிரதி எடுத்துவிடும். நான் தினமும் இரவு சார்ஜில் போடும்போதே இதை ஓட்டிவிடுகிறேன். ஞாயிறு தோறும் கார்டைக் கழற்றி, அந்த ஃபோல்டரை அப்படியே கணினியில் தேதியிட்டு வைக்கிறேன். இரண்டு கார்டு வாங்கியது, ஒன்று கருவியில் இருக்கும்போது மற்றது வீட்டில் இருக்க.

பலரும் தவறவிடுவது ஒன்று இருக்கிறது. கருவி துடைக்கப்பட்டால் பேக்கப் ஆப்பும் சேர்ந்து போய்விடும். பிறகு கார்டில் உள்ள பிரதியைத் திரும்ப ஏற்ற என்ன செய்வீர்கள்? அதனால் அந்த ஆப்பின் ஃபைலைக் கார்டில் பாம் என்ற ஃபோல்டருக்குள் உள்ள லாஞ்சர் ஃபோல்டரிலும் ஒரு பிரதி வையுங்கள். அங்கே இருக்கும் ஆப்கள் கார்டைச் செருகியதும் திரையில் தாமாகவே தெரியும்.

இப்போது சோதனை. நான்கு பொய்ப் பெயர்களை ஏற்றுங்கள், பேக்கப் எடுங்கள், மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஹார்டு ரீசெட் செய்யுங்கள், கார்டிலிருந்து திரும்ப ஏற்றுங்கள். அந்த நான்கு பெயர்களும் வந்தால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. வராவிட்டால் வரும்வரை இந்தப் படியிலேயே இருங்கள். எனக்கு முதல் முறை வரவில்லை, லாஞ்சர் ஃபோல்டரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. உண்மையான 340 பேரை வைத்து அதைக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

7. பழைய பட்டியலை ஏற்றுவது

போனில் உள்ள எண்களை கூகுள் கான்டாக்ட்ஸிலிருந்து சிஎஸ்வி (அட்டவணை வடிவ) ஃபைலாக எடுத்து, எக்செல்லில் திறந்து சுத்தம் செய்து, பாம் டெஸ்க்டாப்பிலோ ஜே-பைலட்டிலோ இறக்கலாம். நேரடியாக அப்படியே இறக்காதீர்கள். மூன்று விஷயங்களைச் சரி செய்த பிறகே இறக்குங்கள்.

தமிழில் சேமித்த பெயர்கள் கண்டபடி குறிகளாக மாறிவிடும், அவற்றை ஆங்கில எழுத்தில் மாற்றுங்கள். அடுத்தது, பெயரை லாஸ்ட் நேம் கட்டத்தில் போடுங்கள், இனிஷியலை ஃபர்ஸ்ட் நேமில். பட்டியல் லாஸ்ட் நேம் வரிசையில்தான் அடுக்கப்படும், இனிஷியல் அங்கே போனால் பாதி ஊரும் எஸ்-இல் போய்க் குவியும். மூன்றாவது எழுத்துக் கூட்டல். பழனியை இசட் எச் போட்டு எழுதுவதா, வெறும் எல் போட்டு எழுதுவதா என்று முதலிலேயே முடிவு செய்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். பாமின் தேடல் சொல்லின் தொடக்கத்தை மட்டும்தான் பார்க்கும், நடு எழுத்தைக் கொடுத்தால் கண்டுபிடிக்காது.

கம்பெனி என்ற கட்டத்தில் நான் தெருவையும் அடையாளத்தையும் போடுகிறேன். கேட்டகரியில் பீளமேடு, சிங்காநல்லூர், கணபதி, வடவள்ளி என்று ஏரியா. கேட்டகரி 15 வரைதான் சேர்க்க முடியும், அதனால் தெருவுக்கு ஒன்று என்று ஆரம்பித்து நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கஸ்டம் கட்டங்களில் ஒன்றுக்கு மெஷின் மாடல், இன்னொன்றுக்குக் கடைசி டிடிஎஸ் (TDS, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின்) அளவு என்று பெயரிட்டிருக்கிறேன். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கும் போர்வெல் வீட்டுக்கும் மெம்பரேன் ஆயுளில் எவ்வளவு வித்தியாசம் என்பது தெரிய இந்த ஒரு கட்டத்தைப் பார்த்தால் போதும்.

340 பெயர்களைச் சுத்தம் செய்ய எனக்கு ஐந்து மாலைகள் ஆயின. அவசரப்பட வேண்டாம்.

8. எழுதப் பழகுவது

திரையின் கீழே எழுதும் பகுதி இருக்கிறது. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண், இரண்டுக்கும் நடுக்கோட்டில் எழுதினால் பெரிய எழுத்து. முறை கிராஃபிட்டி 2. பெரும்பாலும் நாம் எழுதுகிற ஆங்கில எழுத்தே, பழக இரண்டு மூன்று நாள் போதும். ஐ, கே, டி (t), எக்ஸ் நான்குக்கும் இரண்டு கோடு வேண்டும்.

ஒரு சிக்கல் எல்லோருக்கும் வரும். எல் என்பது வெறும் செங்குத்துக் கோடு. இடைவெளி என்பது இடமிருந்து வலமாக ஒரு கிடைக்கோடு. எல்-இல் முடிகிற சொல்லை எழுதிவிட்டு உடனே இடைவெளி போட்டால், இரண்டு கோடும் சேர்ந்து டி (t) ஆகிவிடும். வேல் என்று எழுதினால் வேட் என்று விழும். எல் எழுதியதும் ஒரு கணம் பொறுத்து இடைவெளி போடுங்கள், சரியாகிவிடும். வேகமாக எழுத வரவே இல்லையா, எழுதும் பகுதியின் ஓரத்தைத் தட்டினால் திரையில் கீபோர்டு வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஷார்ட்கட் கற்றுக்கொள்ளுங்கள், இது பெரிய நேர மிச்சம். கைச்சுழிப்பில் எழுதும் எல் போல ஒரு வளையம் போட்டு, பின்னால் டிடிஎஸ் (dts) என்ற மூன்று எழுத்தை எழுதினால் இன்றைய தேதியும் நேரமும் தானாக விழும். தண்ணீர் அளவு டிடிஎஸ் இல்லை, இது டேட் டைம் ஸ்டாம்ப். உங்கள் சொந்தச் சுருக்கங்களையும் பிரெஃப்ஸில் சேர்க்கலாம். நான் "எம்" என்று போட்டால் "மெம்பரேன் மாற்றியாச்சு, அடுத்தது" என்ற வரி ஆங்கில எழுத்தில் முழுக்க வந்துவிடும்.

9. தமிழுக்கு என்ன செய்வது

பாமில் தமிழ் யூனிகோடு இல்லை. ஆனால் நோட் பேட் ஆப் இருக்கிறது, அதில் கையால் எழுதுவது படமாக அப்படியே சேமிக்கப்படும். ஒரு வயதான அம்மா வீட்டில் வழி சொன்னார், "பிள்ளையார் கோயில் தாண்டி, வேப்பமரம், பச்சை கேட்டு". ஸ்டைலஸால் தமிழிலேயே நான்கு வரி எழுதி, பக்கத்தில் கோயிலுக்கு ஒரு முக்கோணமும் மரத்துக்கு ஒரு வட்டமும் போட்டேன். ஆறு மாதம் கழித்து அதைத் திறந்துதான் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். குறிப்பில் அலாரமும் வைக்கலாம். தலைப்பை மட்டும் ஆங்கில எழுத்தில் வாடிக்கையாளர் பெயராக வையுங்கள், படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடலால் படிக்க முடியாது.

10. ஒரு நாள் ஓட்டம்

கலர் திரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் காலண்டரைக் காட்டுவேன். அதில் கேட்டகரிக்கு ஒரு நிறம் கொடுக்கலாம். மெம்பரேன் சிவப்பு, கார்பனும் செடிமென்டும் நீலம், ஏஎம்சி புதுப்பிப்பு பச்சை. காலையில் திறந்ததும் சிவப்பு எத்தனை என்று எண்ணி அத்தனை மெம்பரேனைப் பையில் போட்டுக்கொள்வேன், படிக்கவே வேண்டாம்.

ஒரு வீட்டில் வேலை முடிந்ததும், கை துடைத்து, வாசலில் நின்றபடியே எழுதிவிடுவேன். அடுத்த ஃபில்டர் தேதிக்கு டீட்டெய்ல்ஸ், ரிபீட், அதர் என்று போய் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று போட்டால் தொடர்ச்சியாக வரும். இங்கே கவனம் வேண்டும். வாடிக்கையாளர் ஊரில் இல்லை, இரண்டு வாரம் தள்ளிப் போகிறது என்று தேதியை மாற்றினால், இந்த ஒன்றை மட்டுமா, இனி வருபவையா, எல்லாவற்றையுமா என்று கருவி கேட்கும். இனி வருபவை என்பதைக் கொடுங்கள். எல்லாம் என்று கொடுத்தால் பழைய வருகைத் தேதிகளும் சேர்ந்து நகர்ந்துவிடும், எப்போது மாற்றினோம் என்ற கணக்கே பொய்யாகிவிடும்.

வாங்க வேண்டிய பார்ட்ஸ் எல்லாம் டாஸ்க்ஸில். வாரம் இருமுறை கடைக்குப் போகும்போது ஒவ்வொன்றாக டிக் அடித்தால் முடிந்தது. செலவை எக்ஸ்பென்ஸ் ஆப்பில் எழுதிப் பார்த்தேன், எனக்கு ஒத்து வரவில்லை, அதைப் பழையபடி நோட்டிலேயே எழுதுகிறேன்.

மற்றவர்களின் எண்ணும் முகவரியும் உள்ளே இருக்கிறது, ஆகவே செக்யூரிட்டியில் பாஸ்வேர்டு வைத்து, அணைத்ததும் பூட்டிக்கொள்ளும்படி அமையுங்கள். ஆனால் கார்டில் இருக்கும் பேக்கப்பை அந்தப் பூட்டு காக்காது, கார்டைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் கருவியை ஜிப் கவரில் போடுங்கள், கவர் மேலேயே ஸ்டைலஸால் எழுத வரும். தானாக அணையும் நேரத்தை ஒரு நிமிடமாக வையுங்கள், வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். புதுப் பேட்டரியில் எனக்கு இரண்டு நாள் தாராளமாக ஓடுகிறது, இருந்தாலும் தினமும் ஏற்றிவிடுகிறேன். எப்போதாவது முழுக்க இறங்கிவிட்டால் தகவல் இருக்கும், தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தேதி தவறினால் அலாரம் எல்லாம் தவறும்.

11. 2031 டிசம்பர் 31

பாமின் காலண்டர் இந்தத் தேதியோடு நிற்கிறது, அதற்கு மேல் ஒரு நாளைக்கூட அதில் குறிக்க முடியாது. பத்து வருடத்துக்கு ரிபீட் போட நினைத்தால் நடக்காது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை, நான் தைப்பொங்கல் விடுமுறையில் செய்கிறேன், கான்டாக்ட்ஸை சிஎஸ்வி ஃபைலாக வெளியே எடுத்து எக்செல்லில் திறந்து பார்த்துவிடுங்கள். பெயர், எண், மெஷின் மாடல், டிடிஎஸ் எல்லாம் கட்டம் மாறாமல் வந்திருக்கிறதா என்று ஒரு பத்து வரியாவது சரி பாருங்கள். அரை மணி நேர வேலை. இந்த வருடம் பார்த்தபோது இரண்டு வீட்டுக்கு எண் மாறியிருந்ததும், ஒருவர் வீடு மாறிப் போனதும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது.